மூடாக்குச் சாமி செய்வது எப்படி: முகமூடிக் கடவுளுக்கும் அதன் கூட்டத்துக்கும் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். இன்னும் இரண்டு மூன்று வரி வரும், அதை இங்கே எழுதினால் அடி விழும். சின்ன வயதில் வெளியூர்க்காரர்கள் இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் மனுஷ புத்திக்கு எட்டாத ஏதோ ஒன்றைக் கண்டு நடுங்குகிற பிரபஞ்சத் திகில் கதைகளும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டி ஆடுகிற அந்த வகை டேபிள்டாப் ஆட்டங்களும் தலைக்கேறின பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மாதிரிக் கதைக்கு இதைவிட நல்ல முதல் வரி எந்த ஊருக்கும் வாய்க்காது என்று தோன்றுகிறது. வெளிக்கூடு அப்படியே நிற்கிறது, உள்ளே இருக்க வேண்டியதுதான் காணோம். முகமூடிக் கடவுள் என்றால் வேறென்ன?

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேர் கூடுவார்கள், நான் ஆட்டம் நடத்துவேன். முதல் தடவை முகமூடிக் கடவுளைக் கொண்டுவந்தபோது வெளிநாட்டுச் சரக்கை அப்படியே இறக்கினேன்: மஞ்சள் அங்கி, வெளுத்த முகமூடி, இருட்டு மண்டபம், மெழுகுவத்தி. குரலைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வர்ணித்து முடித்தால், எதிரில் இருந்த தம்பி மிக்சரை மென்றுகொண்டே கேட்டான்: "இன்னாண்ணா இது, கவசம் சாத்துன சாமிக்குப் போய் எதுக்கு பயப்படணும்? கும்பிட்டுட்டுப் போலாமே." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூன்று வாரத் தயாரிப்பு அந்த ஒரு வரியில் காலி.

அவன் சொன்னது நியாயம். வெள்ளிக்கவசம், சந்தனக்காப்பு, மஞ்சள் பூசி முகம் வைத்த கலசம் என்று நாம் பார்க்கிற சாமிகளில் பாதி முகத்தின் மேல் இன்னொரு முகத்தோடுதான் இருக்கிறார்கள். முகமூடி நமக்கு அந்நியம் இல்லை, அன்பு. அதனால் மேற்கத்திய எழுத்தாளருக்கு ஒரு பத்தியில் கிடைத்துவிடுகிற பயத்துக்கு நாம் வேறு வழியாகச் சுற்றிப் போகவேண்டும். அந்தச் சுற்று வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன், கதை எழுதுபவர்களுக்கும் ஆகும், ஆட்டம் நடத்துபவர்களுக்கும் ஆகும். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட மூடாக்குச் சாமி முழுக்க என் கற்பனை, அந்தப் பெயரில் யாரும் எந்த ஊரிலும் கோயில் தேடிக்கொண்டு போகவேண்டாம்.

முதல் படி: பரம்பரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீளமாகப் படிக்கத் தேவையில்லை, ஆனால் இந்த வகைக் கடவுள் எப்படி உருவானது என்று தெரிந்தால் நாம் எப்படிச் செய்யலாம் என்று பிடிபடும். 1886இல் ஆம்புரோஸ் பியர்ஸ் என்கிற அமெரிக்கர் கார்கோசா என்ற பாழடைந்த நகரத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். அவருடைய இன்னொரு கதையில் ஹாஸ்டர் என்று ஒரு சாமி வரும், அது ஆடு மேய்ப்பவன் கும்பிடுகிற சாதுவான சாமி. 1895இல் ராபர்ட் சேம்பர்ஸ் இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு 'மஞ்சள் அரசன்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் 10 கதைகள், முதல் நாலில்தான் அந்தச் சபிக்கப்பட்ட நாடகம் வருகிறது, படித்தவர் புத்தி பேதலித்துப்போகிற நாடகம். சேம்பர்ஸ் அந்த நாடகத்தை எழுதவே இல்லை, அங்கங்கே சில வரி, ஒரு பாட்டு, அவ்வளவுதான். அப்புறம் பிரபஞ்சத் திகிலுக்குப் பேர்போன அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1931இல் வெளிவந்த ஒரு கதையில் ஹாஸ்டர் பெயரைப் போகிற போக்கில் உதிர்த்துவிட்டுப் போனார், அவருக்குப் பின்னால் வந்த ஆகஸ்ட் டெர்லெத் அந்தப் பெயருக்கு ஒரு பெரிய கொடூர உருவத்தைக் கொடுத்தார். ஆட்டுக்காரன் சாமி இப்படித்தான் அரக்கனாயிற்று. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஒருத்தர் விட்ட இடத்தை இன்னொருத்தர் தப்பாகப் புரிந்துகொண்டு நிரப்பினார். நம் ஊர் தலபுராணங்கள் வளர்கிற முறையும் கிட்டத்தட்ட இதுதான்.

நியார்லதோதெப் என்கிற இன்னொன்றும் உண்டு. லவ்கிராஃப்ட் 1920இல் ஒரு கனவிலிருந்து எழுதியது, நாட்டுக்கு ஒரு வேஷத்தில் வரும். லவ்கிராஃப்ட் கதைகளை வைத்து 1981இல் வந்த கால் ஆஃப் கதுலு என்கிற டேபிள்டாப் ஆட்டத்துக்கு 1984இல் அந்த வேஷங்களை வைத்தே ஒரு பெரிய தொடர் சாகசம் வெளியானது. நாட்டுக்கு நாடு போய் வெவ்வேறு முகத்தைத் துரத்துகிற ஆட்டம் பிடிக்கும் என்றால் அது. எனக்கு ஒரே ஊரில் உட்கார்ந்து புழுங்குவதுதான் பிடிக்கும், வேலூர் வெயில் அப்படிப் பழக்கிவிட்டது.

சேம்பர்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு காட்சி. முகமூடி விருந்தில் எல்லோரும் முகமூடியைக் கழற்றிவிடுகிறார்கள், ஒரு அந்நியன் மட்டும் கழற்றவில்லை. நீங்களும் கழற்றுங்கள் என்று கேட்டால், நான் முகமூடியே போடவில்லையே என்கிறான். இதை மனதில் வையுங்கள், மூன்றாம் படியில் தெருக்கூத்துக்குள் கொண்டுபோகப் போகிறோம்.

இரண்டாம் படி: பின்னால் என்ன இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். வாசகருக்குச் சொல்லப்போவதில்லை என்றாலும் உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது அத்தியாயத்தில் நீங்களே குழம்பி, கடைசியில் வாலும் பல்லும் உள்ள ஏதோ ஒன்றை வரைந்து வைப்பீர்கள்.

முகமூடிக்குப் பின்னால் கோரமான முகம் என்பது வேண்டவே வேண்டாம். திருஷ்டி பூசணிக்காயிலேயே கோர முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கழற்றினால் பார்ப்பவனின் சொந்த முகமே தெரியும் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஒரு தடவை வேலை செய்யும், ஆனால் நிறையப் பேர் கை வைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வெறுமை. வெறுமையை எப்படிக் காட்டுவது என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை, கடைசியில் காவலூர்தான் சொல்லிக்கொடுத்தது.

ஜவ்வாது மலையில் வாணியம்பாடிக்கு மேலே காவலூரில் வானாய்வகம் இருக்கிறது, இப்போது திருப்பத்தூர் மாவட்டம், முன்பு எல்லாம் வட ஆற்காடுதான். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்துபோவதைப் பார்க்க உலகத்தில் பல இடங்களில் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தார்கள், காவலூரிலும்தான். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் விட்டு விட்டு மங்கியது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ குறுக்கே வந்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று கண்டுபிடித்தது இப்படித்தான். வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, அது எதை மறைத்தது என்பதை வைத்துப் பிடித்தார்கள்.

உங்கள் கடவுளையும் அப்படியே காட்டுங்கள். அது எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள், அது எதை மறைத்தது என்பதை மட்டும் எழுதுங்கள். மூடாக்குச் சாமிக்கு நான் வைத்த விதி: அது ஒன்றை மறைத்தால், அந்தப் பொருளோ ஆளோ எப்போதுமே இருந்ததில்லை என்று ஆகிவிடும், ஆனால் இருந்த இடத்தின் அளவு மட்டும் மிஞ்சும். நாலு பேர் இருக்கிற வீட்டில் அம்மா தினமும் ஐந்து தட்டு வைத்துவிட்டு, ஏன் வைத்தோம் என்று தெரியாமல் ஒன்றைத் திருப்பி எடுத்து வைப்பாள். கல்யாண ஆல்பத்தில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி, இருவரின் கையும் அந்தரத்தில் யாரோ ஒருவரின் தோளில் போட்ட மாதிரி. ஒரு தெருவில் 14ஆம் நம்பர் வீட்டுக்குப் பக்கத்தில் 16, நடுவில் காலி மனைகூட இல்லை, சுவரோடு சுவர்.

விதியை இப்படி ஒரே வாக்கியத்தில் எழுதி, ஆட்டம் முடிகிற வரைக்கும் மேஜைக்கு உங்கள் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதை மீறுகிற காட்சி எவ்வளவு அழகாக வந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

மூன்றாம் படி: முகமூடியைச் செய்யுங்கள்

முகமூடி என்றால் அதற்கு ஒரு பொருள் வேண்டும், செய்தவர் வேண்டும், ஒரு குறை வேண்டும். "பழமையான, விசித்திரமான உலோகம்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. வெள்ளித் தகடு என்று எழுதுங்கள், அரக்கின் மேல் வைத்துத் தட்டித் தட்டி முகத்தை எழுப்பினது என்று எழுதுங்கள், தட்டுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது என்று எழுதுங்கள்.

மூடாக்குச் சாமிக்கு வெள்ளிக்கவசம். செய்து தருவது ஒரு பத்தர் குடும்பம், மூன்று தலைமுறையாக. கூட்டத்தாருக்கு அவர்களோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, வெறும் வேலைதான், இது முக்கியம். தாத்தா காலத்திலிருந்து ஒரு அளவு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் கவசம் பத்தவில்லை என்று திரும்ப வருகிறது, ஒரு நெல் அகலம் கூட்டிச் செய்கிறார்கள். மூன்று தலைமுறை நெல் அகலத்தைக் கூட்டினால் ஒரு ஜாணுக்குப் பக்கம் வந்துவிட்டது. பேரனுக்குச் சந்தேகம் வந்து, சாமி வளர்கிறதா என்று ஒரு நாள் யாரும் இல்லாதபோது கல்லையே நூல் பிடித்து அளக்கிறான். கல் தாத்தா எழுதி வைத்த அதே அளவு. கவசம்தான் பத்தமாட்டேன் என்கிறது. அப்படியானால் கல்லுக்கும் கவசத்துக்கும் நடுவில் என்ன?

எங்கள் ஆட்டத்தில் இந்த இடத்தில்தான் மிக்சர் தம்பி மெல்லுவதை நிறுத்தினான். கவசம் தெரிந்தவனுக்குத்தான் இந்தப் பயம் புரியும், அவனுடைய கிண்டலையே திருப்பி அவனுக்குக் கொடுத்தேன்.

குறை என்று சொன்னேனே, அது கண். சிலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள், கண் திறக்கிற வரைக்கும் அது கல், திறந்த பிறகு சாமி. மூடாக்குச் சாமியின் கவசத்துக்குக் கண் இல்லை. மூக்கு உண்டு, உதடு உண்டு, கண் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று நெற்றி மாதிரி இறங்குகிறது. கூட்டத்தாரின் கடைசி நோக்கமே ஒரு நாள் அதற்குக் கண் திறப்பதுதான். திறந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், கேட்பவர்களுக்குத் தானாகத் தெரியும். தமிழில் எழுதுவதன் லாபம் இது, இங்கிலீஷில் இதை விளக்க ஒரு பக்கம் போகும்.

இனி கூத்து. நம் பக்கத்தில் பாரதக் கூத்து பார்க்காதவர்கள் குறைவு. ராத்திரி ஆரம்பித்து விடிகிற வரைக்கும் ஓடும், முகவீணைச் சத்தம் தூக்கத்துக்குள் வந்து குத்தும். வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார், இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள், கிரீடமும் காலும் மட்டும் தெரியும். கட்டியங்காரன் யார் நீங்கள் என்று விசாரிப்பான், வந்தவர் தன் பெருமையைச் சொல்வார். முகமூடி கிடையாது, முகத்தில் நேராக அரிதாரம் எழுதுவதுதான். இப்போது உங்கள் கதையில் ஒரு கிராமத்தில் துரியோதனன் வேஷம் வரவேண்டிய நேரம். திரை பிடித்திருக்கிறார்கள், கால் தெரிகிறது, சலங்கைச் சத்தம் இல்லை. கட்டியங்காரன் வழக்கம்போலக் கிண்டலாக, "யாருப்பா நீ, இன்னா வேஷம் கட்டிக்கினு வந்திருக்கே?" என்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வருகிறது: "நான் வேஷம் கட்டலையே." அந்த நேரத்தில் துரியோதனன் வேஷக்காரர் பின்னால் இருக்கிற கொட்டகையில் பாதி முகம் எழுதினபடி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதை உங்கள் மேஜையில் ஆடுகிறவர்களில் ஒருத்தருக்கு மட்டும் முன்பே காட்டிவிடுங்கள்.

திரையை விலக்கலாமா? கூடாது. திரை பிடித்தவர்களில் ஒருத்தர் ஓடிவிடட்டும், திரை ஒரு பக்கம் தொங்கட்டும், அந்த இடத்தில் அன்றைய ஆட்டத்தை முடித்துவிடுங்கள். நான் அப்படி முடித்தபோது ஒருத்தன் வண்டியை எடுக்கக் கீழே தனியாகப் போகமாட்டேன் என்றான், பெருமைக்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா நடக்கும், அம்மன் முகம் ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருத்தப்படும், கூட்டம் ஊர் கொள்ளாது. படவேட்டில் ரேணுகாம்பாளுக்கும் சிரசு வழிபாடுதான். முகம் தனி, உடல் தனி என்பது இந்த மண்ணில் ஆயிரம் பேருக்குக் குலதெய்வ பக்தி. அதை எடுத்துத் திகில் சாமானாக ஆக்காதீர்கள். அதிலிருந்து ஒன்று மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: நம் மக்களுக்குத் தனி முகம் பயம் தருவதில்லை, பொருந்தாத முகம்தான் பயம் தரும்.

நாலாம் படி: வானத்தில் ஒரு இடம் கொடுங்கள்

பிரபஞ்சத் திகில் என்று பெயர் வைத்துவிட்டு ஊர்ப் பேய்க் கதையாக முடிந்துவிடக் கூடாது, வானத்தோடு ஒரு முடிச்சு வேண்டும். பியர்ஸும் சேம்பர்ஸும் கார்கோசாவோடு சேர்த்துச் சொல்கிற நட்சத்திரம் ஆல்டெபரான். அது வேறு எதுவும் இல்லை, நம்ம ரோகிணி. 65 ஒளியாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்பு நட்சத்திரம், கார்த்திகை, மார்கழி ராத்திரியில் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதோடு நம் ஜோதிடத்திலேயே ரோகிணி சகடம் என்று ஒன்று இருக்கிறது. ரோகிணியைச் சுற்றி வண்டி மாதிரி நிற்கிற நட்சத்திரங்கள், அந்த வண்டியைச் சனி பிளந்துகொண்டு போனால் 12 வருஷம் பஞ்சம் என்று பயம். தசரதன் தேரேறி வானத்துக்கே போய்ச் சனியைத் தடுத்து நிறுத்தினான் என்று கதை. ஆக, அந்த இடத்தில் எதுவும் குறுக்கே போகக் கூடாது என்று யாரோ ரொம்ப நாளுக்கு முன்பே பயந்திருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தார் இதைத் தலைகீழாகப் படிக்கட்டும்: வண்டி காலியாக இல்லை, அதில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், மூடாக்குப் போட்டு.

தேதியும் தானாகக் கிடைக்கும். திருவண்ணாமலை தீபத்தன்று நிலா கார்த்திகைப் பக்கம் இருக்கும், மறுநாள் ராத்திரி ரோகிணிக்கு வந்துவிடும். ஊரே தீபம் பார்த்துவிட்டுக் கால் வலியில் தூங்குகிற அந்த மறுநாள்தான் கூட்டத்தாருக்குப் பெரிய நாள். காவலூர்ப் பக்கம் ஒரு பாத்திரத்தை வையுங்கள், பழைய ஒளிப்படத் தகடுகளைச் சரிபார்க்கிற வேலை. ரோகிணியின் வெளிச்சம் வருஷத்தில் ஒரே ராத்திரி, இமை கொட்டுகிற நேரம் மங்குகிறது என்று அவர் கவனிக்கிறார். தகடுகளில் தேதி எல்லாம் தீபத்துக்கு மறுநாள். போதும், இதற்கு மேல் விண்வெளியை விளக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கூட்டத்தைக் கட்டுங்கள்

கடவுளைவிடக் கூட்டம் முக்கியம். கடவுள் மொத்தக் கதையிலும் ஐந்து நிமிஷம் வந்தால் அதிகம், கூட்டத்தார் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள்.

முதலில் யாரை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். லவ்கிராஃப்ட் கதைகளில் இப்படிப்பட்ட கூட்டத்தார் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைகள், கறுப்பர்கள், கலப்பினத்தவர்கள், அந்த மனுஷனுக்கு இருந்த இன வெறுப்பு அப்படியே பக்கத்தில் வழியும். நாம் அதை இறக்குமதி செய்து ஜவ்வாது மலை ஜனங்கள் தலையிலோ, மாசியில் பாலாற்றங்கரைக்கு வேஷம் கட்டிக்கொண்டு மயானக் கொள்ளைக்கு வருகிறவர்கள் தலையிலோ கட்டினால் அது திகில் இல்லை, அசிங்கம். அங்காளம்மனுக்கு ஆடுகிறவர் எல்லோரும் பார்க்க வெட்டவெளியில் ஆடுகிறார். ரகசியக் கூட்டம் அப்படி இருக்காது. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருக்கும்.

என் கூட்டம் ஒரு ஏலச் சீட்டு. மாதம் ஒரு தடவை ஒரு வீட்டு ஹாலில் 20 பேர், காபி, வடை. சீட்டு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: யார் அதிகமாகத் தள்ளி ஏலம் கேட்கிறாரோ அவருக்குத்தான் அந்த மாதச் சீட்டு விழும். இங்கே பணம் இல்லை. ஒவ்வொருத்தரும் மறைக்க வேண்டிய ஒன்றோடு வருகிறார்கள். கடன், கேஸ், தப்பாகக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம், மறக்க முடியாத ஒரு சாவு. அதை மறைத்துக் கொடுத்தால் பதிலுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று ஏலம் கேட்கவேண்டும். என் பத்து வருஷ ஞாபகம் என்று ஒருத்தர், என் தம்பியின் பெயர் என்று இன்னொருத்தர். அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கு அந்த மாதம் கவசம் வீட்டுக்கு வரும்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரைப் பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற ஒரு சூப்பர்வைசர், அடகுக் கடை வைத்திருப்பவர், டியூஷன் எடுக்கிற ரிட்டயர்ட் வாத்தியார், லாட்ஜ் நடத்துகிற அம்மா. லாட்ஜ் முக்கியம். வேலூருக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள், ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் போர்டிலேயே வங்காள எழுத்து இருக்கும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிற ஒருத்தரிடம், அந்த ரிப்போர்ட்டையே இல்லாமல் செய்துவிடலாம் என்று பரிவாகச் சொல்கிற ஒரு லாட்ஜ்கார அம்மாவை எழுதிப் பாருங்கள். வில்லி என்றே தோன்றாது, எனக்கே அவள் மேல் பாதிப் பிரியம்.

படிநிலை மூன்று போதும். வெளிவட்டத்துக்கு இது வெறும் சீட்டு, கொஞ்சம் தியானம். நடுவட்டத்துக்குச் சாமி மறைக்கும் என்று தெரியும், மறைத்தது எங்கே போகிறது என்று தெரியாது. உள்வட்டத்தில் எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் சிலர் மறைந்துவிட்டார்கள். எண்ணினால் 20 வரவேண்டும், நாற்காலி 20 இருக்கிறது, ஆள் எப்போதும் குறைகிறது, ஆனால் யாரும் வராமல் போனதாக ஞாபகம் இல்லை.

அவர்களை அடையாளம் காட்ட ஒரு அங்க அடையாளம், ரகசியக் கைக்குலுக்கல் எல்லாம் சலித்துப்போன சங்கதி. நான் வைத்தது இது: கூட்டத்தார் வீட்டு ஹாலில் சந்தன மாலை போட்ட ஒரு போட்டோ ஃபிரேம் இருக்கும், சின்ன சீரோ வாட் பல்பு எரியும், உள்ளே போட்டோ இருக்காது. யாருக்கு மாலை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், பெரியவருக்கு என்பார்கள். எந்தப் பெரியவர் என்றால் சிரிப்பார்கள்.

இன்னொன்று, கூட்டத்தார் ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் சாமிதான் காரணம் என்று பெருமை பேசட்டும். பாலாறு வறண்டதற்கு மேலே கட்டின தடுப்பணைகளும் நாம் அள்ளின மணலும் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இவர்கள், "ஆத்துத் தண்ணியத்தான் சாமி மொதல்ல மறைச்சுக்கிச்சு" என்பார்கள். அது உண்மையா என்று நீங்கள் கடைசி வரைக்கும் சொல்லாதீர்கள்.

ஆறாம் படி: இடங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஊர் உங்களுக்கே தெரியும். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறையாக மூலவர் இல்லாமல் இருந்தது, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து 1981இல்தான் மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். கேலிப் பேச்சில் சாமி இல்லாத கோயில் என்பது அதுதான். இன்றைக்கு அங்கே பூஜை நடக்கிறது, ஜனங்கள் கும்பிடுகிறார்கள், அதனால் மூடாக்குச் சாமியை அங்கே உட்கார வைக்காதீர்கள். கதையை 1981க்கு முன்னால் நடத்தினால், காலியான கருவறையைக் கடந்துபோகிற ஒரு காட்சி மட்டும் வையுங்கள், கூட்டத்தார் அங்கே போகவே பயப்படுவதாக வையுங்கள். இருக்க வேண்டியவர் திரும்பி வரப்போகிற இடம் அவர்களுக்கு ஆகாது.

மற்றபடி பாலாற்று மணல், கத்திரி வெயிலில் நடுப்பகல் ஆளில்லாத தெரு, ஏலகிரி ஏறுகிற கொண்டை ஊசி வளைவில் எண்ணிக்கை ஒன்று கூடுவது. பயம் என்றால் ராத்திரிதான் என்று யார் சொன்னது, இங்கே மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே வந்து பாருங்கள்.

ஏழாம் படி: மேஜையில் நடத்துவது

கதை எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆட்டம் நடத்துபவர்களுக்கு நாலு வாரத் திட்டம்: முதல் வாரம் பத்தரின் அளவு நோட்டு, இரண்டாம் வாரம் சீட்டும் வெறும் ஃபிரேமும், மூன்றாம் வாரம் கூத்து, நாலாம் வாரம் தீபத்துக்கு மறுநாள் பாலாற்று மணலில் கண் திறப்பு. ஒவ்வொரு முக்கியமான விஷயத்துக்கும் குறைந்தது மூன்று தடயம் வையுங்கள், அவர்கள் ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில்தான் விழுவார்கள்.

கால் ஆஃப் கதுலு விதிகளை வைத்து ஆடினால் அதில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. பாத்திரத்தின் புத்தித் தெளிவுக்கு சானிட்டி என்று ஒரு மதிப்பெண் உண்டு, ஒரே தடவையில் அதில் 5 புள்ளியோ அதற்கு மேலோ போனால் பாத்திரத்தின் அறிவு மதிப்பெண்ணை வைத்து டைஸ் உருட்ட வேண்டும். தோற்றால் மனசு அதை மூடி மறைத்துவிடும், தப்பித்தீர்கள். ஜெயித்தால், பார்த்தது என்ன என்று புரிந்துவிட்டது, அதனால் புத்தி தடுமாறும். மறைப்பதுதான் தொழில் என்கிற கடவுளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. எங்கள் ஆட்டத்தில் தோற்றவர்களிடம், நீ பார்த்ததை மறந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு, அந்தக் காட்சியைப் பற்றி எடுத்த குறிப்பை அவர்கள் கையாலேயே அடிக்கச் சொன்னேன். யாரோ தன்னை மெதுவாக அழிக்கிறார்கள் என்று மூன்றாம் வாரத்துக்குள் அவர்களுக்கே தோன்றிவிட்டது. அந்தக் கடவுளைப் பற்றி அறிந்துகொள்ள அறிந்துகொள்ள சானிட்டியின் உச்சவரம்பும் இறங்கும், 99இல் ஆரம்பித்துக் கற்ற அளவு கழிந்துகொண்டே வரும். இதையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிக் கழியுங்கள்.

பின்னணி இசை வேண்டாம். நான் ஒரே ஒரு சத்தம் வைத்திருந்தேன், ஸ்பூனால் எவர்சில்வர் தட்டை மெதுவாகத் தட்டுவது. கவசம் எங்கேயோ செய்யப்படுகிறது என்று அர்த்தம், நான் ஒரு தடவைகூட விளக்கவில்லை.

எட்டாம் படி: முடிவு

இந்தக் கடவுளைக் கொல்ல முடியாது, கொல்ல முடிந்தால் அது வேறு வகைக் கதை. ஆட்டக்காரர்கள் ஜெயிப்பது என்றால் கண் திறக்காமல் தடுப்பது, இன்னொரு வருஷம் வாங்குவது, அவ்வளவுதான். விலையும் கேளுங்கள், சீட்டுக்காரர்கள் கேட்ட மாதிரியே. எங்கள் ஆட்டத்தில் ஒருத்தன் தன் பாத்திரத்தையே ஏலத்தில் தள்ளிவிட்டான். நான் அந்தப் பாத்திரத்தின் விவரம் எழுதின தாளை அவனிடமிருந்து வாங்கிக் கிழிக்கவில்லை, நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு மற்ற மூன்று பேரும் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்று விதி. ஒரு மணி நேரம் எல்லோரும் "அந்த… அது… நம்ம கூட வந்த…" என்று தடுமாறினார்கள். அவன் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வப்போது மற்றவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தான், யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கடைசி வாரத்துக்காக மூடாக்குச் சாமி கவசத்தைக் காகிதக் கூழில் செய்து, சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். பழைய பேப்பரை ராத்திரி ஊறவைத்து, அரைத்து, கொஞ்சம் மைதா பசையும் வேப்பிலைச் சாறும் சேர்த்தால் பூச்சி வராது, பிளாஸ்டிக் பேசின் மேல் அப்பிக் காயவைத்தால் முகம் மாதிரி வளைவு கிடைக்கும், இரண்டு நாள் வெயில் போதும், நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்றரை நாளே போதும். ஆட்டம் முடிந்ததும் அதை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு மறந்துபோனேன். பக்கத்து மனையில் அண்ணன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் எட்டிப் பார்த்தால் முதல் மாடித் தூணில் திருஷ்டி பொம்மைக்குப் பதிலாக அது தொங்குகிறது. அம்மாவிடம் கேட்டேன். "அதை ஏன் வீணாக்கணும்னு மாட்டுனேன். ஆனா கண்ணே இல்லாம செஞ்சு வெச்சிருக்கியேடா, அது எப்படி ஊர்க்கண்ணைப் பார்க்கும்?" என்றாள். ஏஷியன் பெயிண்ட் டப்பாவில் மிச்சம் இருந்த கறுப்பை எடுத்து, இரண்டு கண்ணும் பெரிசாக அவளே எழுதியிருந்தாள்.